மூடிக்கு மேல் புல்

தலைவர் தன் ஆயுளில் பந்தை உதைத்தது ஒரே ஒரு தடவை. அதுவும் தெருவில் உருண்டு வந்த பந்து அவர் காரின் கதவில் மோதிவிட்ட கோபத்தில். அப்படிப்பட்டவர் தன் வீட்டுக் கொல்லையில் செயற்கைப் புல் விரித்து விளையாட்டு மைதானம் அமைக்கப்போகிறார் என்று கேட்டபோது தெரு கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தது. பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

தலைவர் என்றால் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். போட்டியில்லாமல் தேர்வானவர். அந்த நாற்காலிக்கு வேறு யாருமே ஆசைப்படவில்லை என்பதைத் தன் செல்வாக்கின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டவர். பக்கத்துத் தெருச் சங்கத் தலைவர் வாசலில் நீரூற்று வைத்து, அதைத் திறந்து வைக்க ஆள் அழைத்து, புகைப்படமும் எடுத்துக்கொண்ட நாளிலிருந்து இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீரூற்றை வெல்ல நீரூற்று போதாது என்பது மட்டும் தெரிந்தது. வென்றால் மைதானத்தால்தான் வெல்ல முடியும் என்று முடிவுக்கு வந்தார். வீட்டில் விளையாடுகிற வயதில் யாரும் இல்லை. இருந்த ஒரே பெண் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். "நம்ம தெரு இளைஞர்களுக்காக" என்றார் தலைவர். தெருவின் இளைஞர்கள் அவரைக் கண்டால் பந்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்கிறவர்கள்.

வேலைக்கு வந்தவரைத் தெருவில் புல்காரர் என்றார்கள். அவர் தன்னை ஆடுதள நிபுணர் என்றுதான் சொல்லிக்கொள்வார். கழுத்தில் எப்போதும் ஓர் அடையாள அட்டை தொங்கும். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியிடம் பயிற்சி எடுத்ததற்கான அட்டை. பயிற்சி ஒரு மதியம் கணினித் திரையில் நடந்தது என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதலில் கொல்லை மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். ஜல்லி கொட்டினார்கள். அதன்மேல் கல்லுடைக்கிற கிரஷர் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, அடித்தகடு அதிர்கிற இயந்திரத்தை ஓட்டி இறுக்கினார்கள். அது ஓடிய நாட்களில் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் தாமாக நடந்து ஓரத்துக்கு வந்து நின்றன. பிறகு புல் வந்தது, பாய்போலச் சுருள் சுருளாக. அதை வெயிலில் விரித்துச் சுருக்கம் போகக் காயவிட்டு, எல்லாச் சுருளின் இழையும் ஒரே பக்கம் சாய்கிற மாதிரி அடுக்கி, ஓரங்களுக்கு அடியில் நாடா கொடுத்துப் பசை போட்டு ஒட்டினார்கள். கடைசியில் மணலைத் தூவி, முரட்டுத் துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்து இழைகளுக்குள் இறக்கினார்கள். மதியத்தில் புல்லென்று நம்பி வெறுங்காலை வைத்தவர்கள் அடுப்பென்று தெரிந்து எடுத்தார்கள்.

இதையெல்லாம் பின்னறை ஜன்னலிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவரின் மாமனார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆன பிறகு மகள் வீட்டோடு வந்தவர். கொல்லையை ஒட்டிய அந்த அறையும் அதோடு சேர்ந்த குளியலறையும்தான் அவருடைய உலகம்.

மைதானம் முடிகிற சமயத்தில் தலைவர் ஒரு பலகை எழுதச் சொல்லி வாங்கி வந்தார். அதைப் பின்னறைக் கதவோரம் சாய்த்து வைத்தார். 'வீரர்கள் அறை' என்றிருந்தது.

"இது எதுக்குங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி.

"விளையாட வர்றவங்க உடை மாத்த ஒரு ரூம் வேணாமா?"

"அப்பா?"

"மாமாவுக்குத்தான் அந்த முதியோர் இல்லத்துல சொல்லி வச்சிருக்கேன்ல. பத்து நாள். திறப்பு விழா சத்தம் அடங்குற வரைக்கும். ஞாயித்துக்கிழமை காலைல அவங்களே வேன் அனுப்புறாங்க."

பத்து நாளுக்கு யாரும் பெயிண்டரிடம் கொடுத்துப் பலகை எழுதுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அன்றைக்கே தலைவர் மாமனாரின் கட்டிலோரம் உட்கார்ந்து விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னார்.

"நர்ஸ் இருக்காங்க மாமா. டாக்டர் வந்து பார்ப்பாரு. பெரிய தோட்டம் வேற இருக்கு."

"தோட்டத்துல புல்லு இருக்கா மாப்ள?"

"இருக்கு மாமா. பச்சைப்பசேல்னு."

"நிஜப் புல்லா, நம்ம வீட்டுப் புல்லா?"

தலைவர் சிரித்துவிட்டு எழுந்து போனார். மாமனாரும் சிரித்தார். வாசலில் நின்ற அவர் மகள், தலைவரின் மனைவி, சிரிக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில், பின்னறைக் குளியலறையில் ஊற்றிய தண்ணீர் போகவில்லை. போகாததோடு, ஏற்கெனவே போனதும் களக் களக் என்று சத்தம் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. மதியத்துக்குள் முன்கட்டுக் கழிப்பறையும் அதே பாட்டைப் பாடத் தொடங்கியது. மகள் வாளியும் துடைப்பமுமாகப் போராடினாள். தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"உங்கப்பா ஒரு தடவைக்கு ஒரு வாளி தண்ணி ஊத்துறாரு."

"ஊத்தலேன்னா அதுக்கும் ஒண்ணு சொல்லுவீங்க."

"நான் யாரையும் குத்தம் சொல்லலம்மா. அவர் நாளைக்குப் போயிட்டார்னா இந்தப் பிரச்சினை தானா தீந்துரும். அவ்ளோதான்."

"அவர் போனா தொட்டி காலியாயிருமா? தொட்டி நிரம்பிருச்சுங்க. புல்லு போடுறதுக்கு முன்னாடியே தலையால அடிச்சுக்கிட்டேன், முதல்ல தொட்டியைக் காலி பண்ணச் சொல்லுங்க, அப்புறம் புல்லு போடுங்கன்னு."

"தொட்டியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

"நீங்க திறந்து பார்த்தீங்களா?"

சங்கத் தலைவர்கள் தொட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. தலைவர் செல்பேசியை எடுத்துப் புல்காரரைக் கூப்பிட்டார்.

கழிவுநீர்த் தொட்டி கொல்லைக்கு நடுவில்தான் இருந்தது. அதன் சிமெண்டு மூடியும் அங்கேதான் இருந்தது. வேலை தொடங்கும்போது புல்காரர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். மூடிக்கு மேலே புல்லோடு சேர்த்துத் தூக்குகிற மாதிரி சின்னக் கதவு ஒன்று வைத்துவிடலாம் என்று. "மைதானத்துக்கு நடுவுல கதவா? சீஃப் கெஸ்ட் அது என்னன்னு கேட்டா நான் என்னய்யா சொல்றது?" என்றார் தலைவர். "சார் சொல்றது ரொம்ப கரெக்ட். உலகத் தரத்துல எங்கயுமே மூடி தெரியாது" என்று புல்காரர் உடனே கட்சி மாறினார். மூடிக்கு மேல் ஜல்லி விழுந்தது. ஜல்லிக்கு மேல் தூள், தூளுக்கு மேல் புல்.

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் மைதானத்தில் நின்றார்கள்.

"மூடி எங்கய்யா?" என்றார் தலைவர்.

"நீங்கதானே சார் அடையாளம் சொன்னீங்க. துணிக்கொடிக் கம்பத்துக்கு நேரா, ஒரு ஆள் படுக்குற தூரத்துலன்னு."

"ஆமா. கம்பத்துக்கு நேரா."

இரண்டு பேரும் கம்பத்தைத் தேடினார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் பச்சைதான் தெரிந்தது.

"கம்பம் எங்க?"

"கோல் போஸ்டுக்கு இடைஞ்சலா இருக்குன்னு பிடுங்கிட்டோம்ல சார்."

"யாரைக் கேட்டுப் பிடுங்கினே?"

"நீங்கதானே சார் பிடுங்கச் சொன்னீங்க. இந்த அசிங்கத்தை முதல்ல எடுன்னீங்க."

"அடையாளத்தைப் பிடுங்கச் சொன்னா அப்படியே பிடுங்கிடுவியா? கம்பம் இருந்த குழி?"

"மெஷின் ஓட்டிட்டோமே சார். குழி எங்க இருந்துதுன்னு கம்பமே திரும்பி வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது." இதைச் சொல்லும்போது புல்காரர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "குத்துமதிப்பா வெட்டினா சல்லடை ஆயிரும். அதோட, வெட்டின புல்லுக்கு உத்தரவாதம் கிடையாது. கம்பெனி ரூல்."

"யாரும் வெட்ட வேணாம். விழா முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று முடித்தார் தலைவர்.

ஜன்னலுக்குள்ளிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "மாப்ள, பிரேக் எங்க இருக்குன்னு தெரியாம வண்டியை எடுத்துட்டீங்க."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் ஒரு ரொட்டித் துண்டுக்கு மேல் தொடவில்லை. டீயும் வேண்டாம் என்றுவிட்டார். மகளுக்குக் காரணம் புரிந்தது. சாப்பிட்டால் கழிப்பறைக்குப் போக வேண்டிவரும். போனால் மறுநாள் காலை மருமகன் வாயில் இன்னொரு வார்த்தை வரும். வேனில் ஏறுகிற நேரத்தில் அந்த வார்த்தையையும் கேட்டுவிட்டு ஏற அவர் விரும்பவில்லை. அவருடைய பை ஏற்கெனவே கட்டிலடியில் தயாராக இருந்தது.

"ப்பா, நான் சொல்ற வரைக்கும் வேன்ல ஏறாதீங்க."

"எங்க இறங்கணும்னு பயணியா முடிவு பண்றது பாப்பா? நான் எத்தனை பேரை நடுரோட்டுல இறக்கி விட்டிருப்பேன்."

அவள் செல்பேசியை எடுத்து, தொட்டியை உறிஞ்சிக் காலி செய்கிற லாரிக்காரரைக் கூப்பிட்டு ஞாயிறு காலை வரச் சொன்னாள்.

ஞாயிறு காலையில் லாரி வந்தது. குறுகலான தெரு. ஒரு வண்டி நின்றால் இன்னொன்று நுழைய முடியாது. லாரிக்காரர் பக்கச் சந்து வழியாகக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து, மைதானத்தின் ஓரத்தில் நின்று, பச்சையைப் பார்த்தார்.

"மூடியைக் காட்டுங்கம்மா."

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தில் இறங்கினாள். காலால் தட்டிப் பார்த்தாள். எங்கே தட்டினாலும் ஒரே மாதிரி செத்த சத்தம் வந்தது. அந்தக் கொல்லையில் எத்தனையோ வருஷம் அவள் துணி காயப்போட்டிருக்கிறாள். கொடி உயரம், அவள் குள்ளம். அந்த மூடிமேல் கிடந்த துவைகல்லில் ஏறி நின்றுதான் எட்டுவாள். அங்கே நின்றபடியே, பின்மதிலுக்கு அப்பால் சமையலறை ஜன்னலில் பாத்திரம் கழுவுகிற பின்வீட்டு அக்காவோடு தினமும் பேசுவாள். கம்பம் போனதும் பேச்சும் நின்றுபோயிருந்தது.

"அக்கா! அக்கோவ்!"

ஜன்னலில் ஈரக்கையோடு ஒரு முகம் வந்தது. "யாருடி அது? ஓ, மகாராணியா! மைதானம் வந்ததும் எங்களையெல்லாம் மறந்துட்டேன்னு நினைச்சேன்."

"நான் துணி காயப்போடும்போது எங்க நிப்பேன்கா?"

"என்னடி கேள்வி இது? விழாவும் அதுவுமா துணி காயப்போடப் போறியா?"

"சொல்லுக்கா. தொட்டி மூடி தெரியல."

அக்காவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. சமையலறையில் தான் வழக்கமாக நிற்கிற இடத்தில் சரியாக நின்றுகொண்டாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள். "இந்தப் பக்கம் வா. அவ்ளோ வேணாம். என் குழாய்க்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவுல உன் மூஞ்சி வரும். இன்னும் கொஞ்சம். இப்ப பின்னாடி போ. போ, போ... ஆங்! ஆனா நீ இன்னும் உசரமால்ல தெரிவே?"

"கல்லைத்தான் தூக்கிட்டாங்களேக்கா."

"அதானே பார்த்தேன், இவ என்ன இப்படிக் கரைஞ்சு போயிட்டான்னு. நகராதடி. அதே இடம்தான்."

அவள் நகரவில்லை. நகர்ந்தால் இடம் மறுபடியும் பச்சைக்குள் போய்விடும். அங்கிருந்தபடியே, விழாவுக்காக வந்து ஓரத்தில் நின்ற புல்காரரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அந்தக் கட்டரைக் குடுங்க."

வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக வந்த தலைவர் இதைக் கேட்டுவிட்டார்.

"குடுக்காதய்யா! ஏம்மா, உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? இன்னும் அரைமணியில சீஃப் கெஸ்ட் வந்துருவார். நகரு அங்கேருந்து."

"நகர மாட்டேன்."

"நடு மைதானத்துல நின்னுக்கிட்டு என்ன இது? எல்லாரும் பார்க்குறாங்க."

"பார்க்கட்டும். தொட்டியைத் திறந்தா தண்ணி போகும். தண்ணி போனா எங்கப்பாவை அனுப்ப உங்களுக்குச் சாக்கு இருக்காது. அதுக்குத்தானே வெட்ட வேணாங்கறீங்க?"

மதிலுக்கு அப்பால் ஜன்னலில் அக்கா குழாயை மூடிவிட்டு நின்றாள். லாரிக்காரர் பீடியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். தலைவர் வெள்ளைச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"வேன் வர்றதுக்குள்ள வெட்டணும்" என்றாள் அவள். "இல்லேன்னா அந்த வேன்ல ரெண்டு சீட்டு போடச் சொல்லுங்க. நானும் போறேன்."

இந்த இடத்தில் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்தார். விளையாட்டுத் துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை வரவேற்க ரிப்பனும் தட்டில் கத்தரிக்கோலும் தயாராக இருந்தன. தலைவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்த வரவேற்பைத் தொடங்கினார்.

"ஐயா அவர்கள் எங்கள் எளிய அழைப்பை ஏற்று..."

"அதெல்லாம் இருக்கட்டும் சார். பாத்ரூம் எங்க?"

"ஐயா?"

"பாத்ரூம். சுகர் எனக்கு. வழியில எங்கயும் நிறுத்தல."

தலைவர் வீட்டைப் பார்த்தார். வீட்டில் இரண்டு கழிப்பறைகள், இரண்டுமே விளிம்புவரை. அக்கம்பக்கத்தில் கேட்டால் விஷயம் மாலைக்குள் பக்கத்துத் தெரு நீரூற்றுவரை போய்ச் சேரும். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் நட்டுவைத்த கம்பம்போல நின்றாள்.

"ஒரே நிமிஷம் ஐயா" என்றவர், புல்காரர் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "வெட்டுய்யா."

"சார், உத்தரவாதம்..."

"வெட்டுய்யா!"

புல்காரர் மண்டியிட்டார். மூன்று பக்கம் கீறி, ஒரு பக்கம் விட்டு, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுகிற மாதிரிப் புல்லைப் புரட்டினார். லாரிக்காரரும் உதவியாளும் தூளையும் ஜல்லியையும் வாரி ஓரமாகக் கொட்டினார்கள். பச்சைப் புல்மேல் சாம்பல் நிறக் குவியல் உயர்ந்தது. கடப்பாரை இறங்கியது. ஜல்லி. இன்னும் ஜல்லி. விருந்தினர் காலை மாற்றி மாற்றி நின்றார். கடப்பாரை மறுபடி இறங்கியபோது டங் என்றது.

"நான் சொல்லல?" என்றாள் ஜன்னலிலிருந்து அக்கா.

குழாய் இறங்கி லாரி உறிஞ்சத் தொடங்கியது. விழாவுக்கு வந்தவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இதுவும் நிகழ்ச்சி நிரலில் உள்ளதுதான் என்பதுபோல மரியாதையாக நின்றார்கள். விருந்தினரைப் பின்னறைக்குள் உட்கார வைத்திருந்தார்கள். மாமனார் அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மலைப்பாதையில ஓட்டும்போது எனக்கும் இப்படித்தான் சார் வரும். பின்னாடி அம்பது பேரு. என்ன பண்றது? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆரனை அடிப்பேன்."

"அடிச்சா?"

"எதிர்ல வர்றவன் ஒதுங்குவான். நமக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மனசுக்கு ஒரு ஆறுதல்."

விருந்தினர் வேதனையிலும் சிரித்தார். சிரிப்பது ஆபத்து என்று உணர்ந்து நிறுத்தினார். அந்தச் சமயத்தில் குளியலறையிலிருந்து நீளமாக ஒரு ஏப்பச் சத்தம் வந்தது. தண்ணீர் இறங்கியது. விருந்தினர் எழுந்து ஓடினார்.

தெருவில் ஆரன் கேட்டது. முதியோர் இல்லத்து வேன். லாரியைத் தாண்டி வர முடியாமல் டிரைவர் இறங்கி, மடக்கு சக்கர நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு சந்து வழியாகக் கொல்லைக்கே வந்துவிட்டார்.

"இங்க பெரியவர் யாருங்க?"

மகள் பின்னறை வாசலில் போய் நின்றுகொண்டாள். மாமனார் கட்டிலடியில் கைவிட்டுப் பையைத் தேடினார். அப்போதுதான் விருந்தினர் முகம் தெளிந்து வெளியே வந்தார்.

"அப்பாடா. ஒண்ணு சொல்றேன் சார், உள்ள பிடிச்சுக்க ஒரு கைப்பிடி இல்ல. சுவத்துல நாலு ஓட்டைதான் இருக்கு." பிறகு சக்கர நாற்காலியைப் பார்த்தார். டிரைவரின் சட்டையில் இருந்த எழுத்தைப் படிக்க முயன்றார். "இது என்ன வண்டி? யாருக்கு?"

மகள் பேச வாயெடுத்தாள். அவள் என்ன சொல்வாள் என்பது தலைவருக்கு நன்றாகத் தெரிந்திருந்ததால் அவர் முந்திக்கொண்டார்.

"முதலுதவி வண்டி ஐயா! விளையாட்டுன்னா நாலு பேருக்கு அடிபடும் இல்லையா? முன்னெச்சரிக்கையா நானே சொல்லி வரவழைச்சேன்."

"இல்ல சார், என்னை ஒரு பெரியவரை..." என்று தொடங்கினார் டிரைவர்.

"நீங்க முதல்ல டீ சாப்பிடுங்கண்ணே" என்று மகள் அவரை நாற்காலியோடு நகர்த்திக்கொண்டு போனாள்.

விருந்தினர் நெகிழ்ந்துபோனார். அதன்பிறகு அவர் பேசிய பேச்சைத் தலைவரே எழுதிக் கொடுத்திருந்தாலும் அப்படி அமைந்திருக்காது. தன் சேவைக்காலம் முழுவதிலும் முதலுதவி வண்டியோடு ஒரு வீட்டு மைதானத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். சுகாதாரத்தில் சமரசம் செய்யாமல், விழா நாளன்றே தொட்டியைச் சுத்தம் செய்யும் துணிச்சல் யாருக்கு வரும் என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. "எல்லாத்துக்கும் மேல, மாமனாரைத் தகப்பனா நினைச்சு, மைதானத்தைப் பார்த்த மாதிரி அறை குடுத்து, அந்த வாசல்ல 'வீரர்கள் அறை'ன்னு பலகையும் வச்சிருக்காரே, இவர்தான் சார் மனுஷன். அடுத்த வருஷம் இதே நாள் நான் வருவேன். அந்தப் பெரியவரோட உட்கார்ந்துதான் ஆட்டம் பார்ப்பேன்."

கைதட்டல் எழுந்தது. தலைவர் கைகூப்பினார். கைதட்டல் கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. வார்த்தைகள் புரியப் புரிய வாடியது. ரிப்பன் வெட்டப்பட்டது. திறந்த மூடியைச் சுற்றி நான்கு நாற்காலிகளை வைத்து, மிச்ச இடத்தில் பையன்கள் பந்தை உதைத்தார்கள். வேன் டிரைவர் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, ஒரு பாதி ஆட்டம் பார்த்துவிட்டு, காலி நாற்காலியோடு கிளம்பினார்.

எல்லோரும் போன பிறகு மகள் பின்னறைக்கு வந்தாள். கட்டிலடியிலிருந்து பையை இழுத்து மடியில் வைத்துத் திறந்தாள். சட்டைகள், பனியன்கள், சவர சாமான், கண்ணாடி உறை. ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். அடியில் துண்டில் சுற்றிக் கனமாக ஏதோ கிடந்தது. பிரித்தாள். குளியலறைச் சுவரில் அவருக்காக அவளே பொருத்தச் சொன்ன எஃகுக் கைப்பிடி. பக்கத்தில் ஒரு காலி மாத்திரைக் குப்பியில் நான்கு திருகாணிகள், உருளாமல் இருக்கப் பஞ்சு வைத்து அடைத்திருந்தது.

"இதை எப்பப்பா கழட்டினீங்க?"

"நேத்து நீ தண்ணி அள்ளிட்டு முன்னாடி போனப்ப."

"எதுக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வழக்கமாக வருகிற கிண்டல் வரவில்லை. "அங்க சுவத்துல பிடிக்க என்ன இருக்குமோ தெரியலல்ல."

ஒரு நாள் முழுக்க, கால் வழுக்குகிற அந்த ஈரத்தில், பிடிக்க எதுவும் இல்லாமல் அவர் போய் வந்திருக்கிறார். அவள் கைப்பிடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து வாசலுக்கு வந்தாள். தலைவர் மைதான ஓரத்தில் நாற்காலி போட்டு, விருந்தினரின் பேச்சைச் செல்பேசியில் மறுபடி ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க. ஸ்க்ரூட்ரைவர் எடுத்துட்டு வாங்க."

"யாராவது ஆளைக் கூப்பிட்டு..."

"நீங்க வாங்க."

அவர் அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். செல்பேசியை அணைத்தார். ஸ்க்ரூட்ரைவரைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, வெள்ளைக் காற்சட்டையோடு குளியலறையின் ஈரத்தரையில் மண்டியிட்டார். அவள் கைப்பிடியை நேராகப் பிடித்துக்கொண்டாள். முதல் திருகாணி ஓட்டைக்குள் பிடி கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

மாமனார் கதவு நிலையைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"கெட்டியா முடுக்குங்க மாப்ள. இன்னொரு தடவை கழட்ட எனக்குக் கையில பலம் இல்ல."